டவர் போன பிறகு

"நெய்வேலியில கரண்ட் போகாது" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஊர் இது. இங்கிருந்து போகும் மின்சாரத்தில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விளக்கு எரிகிறது. தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில்கூட டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமையோடு இப்போது இன்னொரு பேச்சும் ஒட்டிக்கொண்டது: "கையில செல்போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?" புயலோ வெள்ளமோ, சேதி தானாகக் கைக்கு வந்துவிடும் என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு. உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறு.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. கடலைவிட்டு இவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறோமே என்று தைரியமாகப் படுத்திருந்தோம். எங்கள் வாசலில் நின்ற வேப்பமரம் மின்கம்பியை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. டவுன்ஷிப்பில் அப்படிச் சாய்ந்தவை ஆயிரக்கணக்கான மரங்கள். கூப்பிடு தூரத்தில் அனல்மின் நிலையம், வீட்டுக்குள் மெழுகுவத்தி. மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை, நம் தெருவின் கடைசிக் கம்பம் நின்றால்தான் விளக்கு எரியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

செல்போனில் காலையில் இரண்டு கோடு தெரிந்தது. பிறகு ஒன்று. மத்தியானத்துக்குள் அதுவும் இல்லை. செல்போன் டவருக்கும் மின்சாரம்தான் சோறு. மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதற்கப்புறம் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வர வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போது டீசல் வண்டி எந்த வழியாக வரும்? பவர் பேங்க் வைத்திருக்கிறேன் என்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் போன் நிறைந்திருக்கும், டவர் காலியாக இருக்கும்.

முத்தாண்டிக்குப்பத்தில் சித்தப்பா தனியாக இருந்தார். முந்திரித் தோப்புக்கு நடுவில் வீடு. மூன்றாம் நாள் சைக்கிளைப் பாதி ஓட்டி, பாதி தோளில் தூக்கிப் போய்ச் சேர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோல் உறை போட்ட பழைய டிரான்சிஸ்டர். உறையின் வார் அறுந்து, சணல் கயிறு கட்டியிருந்தது. "வாடா, சாப்பிட்டியா? எந்த ரோடு விட்டிருக்கு, எங்க சோறு போடுறாங்க எல்லாம் இதுல சொல்லிட்டான்" என்றார். டவுன்ஷிப்பில் இருந்த எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. முப்பது வருஷம் வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்த தோப்பைக் காட்டிவிட்டு, அவர் மறுபடி அந்தப் பெட்டியைத்தான் காதோடு வைத்தார்.

புயல் நேரத்தில் சேதி என்பது பொழுதுபோக்கு இல்லை. புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். ஆபத்து போய்விட்டது என்று மாட்டைப் பார்க்க, ஓட்டைச் சரிசெய்ய வெளியே வருவார்கள். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். "இன்னும் முடியவில்லை, வெளியே வராதீர்கள்" என்ற ஒரு வரி அந்த நேரத்தில் காதில் விழ வேண்டும். வெள்ளம் இன்னும் மோசம், ஏனென்றால் அதன் சேதி நம் வானத்தில் எழுதியிருக்காது. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கடலூர்க் கரையோரத்தில் படுத்திருப்பவர் திருவண்ணாமலை மாவட்டத்து மதகைப் பார்க்க முடியுமா?

போனுக்கே எச்சரிக்கை வருகிறதே என்பார்கள். வருகிறது, நல்லதுதான். 2023-ல் மத்திய அரசு சோதித்துப் பார்த்தபோது எல்லாருடைய போனும் அலறியதே, அந்த ஏற்பாடு தூங்குகிறவனையும் எழுப்பும். ரேடியோ அதைச் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலறலும் டவர் வழியாகத்தான் வர வேண்டும். புயலுக்கு முன்னால் எழுப்புவதற்குப் போன். புயலுக்கு நடுவிலும் பின்னாலும் வழி சொல்ல ரேடியோ. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2017-ல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டியபோது அந்தத் தீவின் செல்போன் டவர்களில் நூற்றுக்கு 95 செத்துப்போயின. பேசிக்கொண்டிருந்தது வாபா என்ற மத்திய அலை வானொலி. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் கடைசி எண்ணான 11-க்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது. அந்த நிலை வரும் என்று துறைமுகக்காரர்கள் அந்தக் காலத்திலேயே கணக்கில் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வைக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கே இதில் ஒரு முன்மாதிரி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்தே பேரிடர் கால வானொலி என்று 107.8-ல் ஒரு பண்பலை ஒலிபரப்பு தொடங்கினார்கள். அப்படியொரு ஏற்பாட்டைச் செய்த மாவட்டத்தில், அதைக் கேட்க வீட்டுக்கு ஒரு பெட்டி இல்லை என்றால் யாரை நோவது?

இனி வாங்குவதைப் பற்றி. இணையத்தில் "அவசரகால வானிலை ரேடியோ" என்று மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அதில் டபிள்யூ.பி. என்று ஒரு பட்டன் இருக்கும். அமெரிக்காவில் 162 மெகாஹெர்ட்ஸில் இரவும் பகலும் வானிலை மட்டும் சொல்லும் ஒலிபரப்பு உண்டு. அந்தப் பட்டன் அதற்காக. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. நெய்வேலியில் அதை அழுத்தினால் இரைச்சல்தான் வரும். அந்தப் பட்டனுக்குக் காசு கொடுக்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு சூரியத் தகட்டை நம்பாதீர்கள், புயல் மேகத்தில் அது எதற்கும் ஆகாது. சுற்றுகிற கைப்பிடி இருந்தால் இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும். ஒரு நிமிஷம் சுற்றினால் சில நிமிஷம் பாடும்.

பார்க்க வேண்டியது வேறு. கடையில் கிடைக்கும் செல் போட்டு ஓட வேண்டும், பெரிய செல்லோ பென்சில் செல்லோ. பிரிக்க முடியாத பேட்டரி உள்ளேயே இருக்கும் பெட்டி, இரண்டு வருஷம் பரணில் கிடந்தபின் தேவைப்படும் அன்று எழுந்திருக்காது. பண்பலையும் மத்திய அலையும் இரண்டும் எடுக்க வேண்டும். பண்பலை தெளிவாகக் கேட்கும், ஆனால் அதிக தூரம் வராது. பக்கத்து நிலையமே மழையில் மாட்டிக்கொண்டால், நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தரையை ஒட்டி வருவது மத்திய அலை. சென்னை 720, திருச்சி 936 என்பது எங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். உங்கள் வீட்டில் இன்று எது தெளிவாக எடுக்கிறது என்று முள்ளை நகர்த்தி, பெட்டியையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏரியல் உள்ளேயே கம்பிச்சுருளாகப் படுத்திருப்பதால் திசை மாறினால் சத்தம் மாறும். எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டரும் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்பும். கரண்ட் போய், இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டால் அந்த இரைச்சல் அடங்கி, குரல் தெளிந்து வரும்.

இரண்டு தரப்பிடம் எனக்குக் கோபம் உண்டு. முதலாவது, போன் செய்கிறவர்கள். உள்ளே இருக்கும் சில்லில் பண்பலை வசதி இருந்தும் அதை முடக்கி விற்கிறார்கள். வானொலியை முடக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய அரசே அவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது, அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி. கேட்பவர் இல்லை என்று சொல்லி நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறது. சாதாரண நாளில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணி அவற்றை மூடுவது, இந்த மாதம் தீ விபத்து நடக்கவில்லை என்று தீயணைப்பு வண்டியை விற்பதுபோல. புயல் வரும் கரையோரத்துக்கு ஒரு மத்திய அலை நிலையமாவது ஜெனரேட்டரோடு நிற்கத்தான் வேண்டும்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த டிரான்சிஸ்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சும்மா கிடந்தால் செல் கசிந்து கம்பியை அரித்துவிடும் என்று அவர் எப்போதும் செல்லைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி உறைக்குள்ளேயே வைத்திருப்பார். ஐப்பசி பிறந்ததும் எடுத்துப் போட்டுப் பார்ப்பார். போன ஐப்பசியில் நானும் போட்டேன். முதலில் கரகரத்தது, கொஞ்சம் கிழக்கே திருப்பினேன், ஒரு பெண்குரல் மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தது.