மூடுவதற்கு முன்

சென்ற வாரம் ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடை கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கைப்பிடி கழன்றுவிட்டது. அது என் கல்யாணத்துக்கு வந்த பெட்டி. ஆகையால் புதிது வாங்கலாம் என்ற பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது.

தகரப் பட்டறை மேஸ்திரி பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், யானைமலைக்கு மேலே ஓர் ஆகாய விமானம் போயிற்று. பட்டறைப் பையன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"அதை வீட்டிலேயே செய்கிற மனிதர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?" என்றேன்.

பையன் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. "எதை வச்சுச் செய்வாங்க சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராட்சன் என்ற எஞ்சினீயர் இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியில் குடியிருந்தார். 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் விமானம் கட்டத் தொடங்கினார். 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' என்ற நாலு பேர் உட்காரும் விமானம். பாகங்களெல்லாம் தென் ஆப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. சுமார் பதினெட்டு மாத உழைப்பு. 2022 பிப்ரவரியில் அது பறந்தது. பிறகு மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அதிலே ஏற்றிக்கொண்டு போனார்.

"அளவு வெட்டி, ஓட்டையும் போட்டு வந்துருச்சுன்னா அப்புறம் என்ன சார்? ரிவிட் அடிக்கிறதுதானே?" என்றார் மேஸ்திரி.

நேயர்களே, நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இறக்கை என்பது லேசான சங்கதி அல்ல. வீட்டுக்கு விட்டம் போல இறக்கையின் நீளத்துக்கு ஒரு விட்டம் ஓடுகிறது. அதன் முன்னும் பின்னும் மீன்முள் மாதிரி வரிசையாக விலா எலும்புகள். மேலேயும் கீழேயும் மெல்லிய அலுமினியத் தகடு. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பவை ஆயிரக்கணக்கான ரிவிட்டுகள். தையற்காரர் முதலில் நூலை நீள நீளமாக ஓட்டி வைத்துக்கொண்டு பிறகு மிஷினில் தைக்கிறார் அல்லவா? அதேபோல் ஸ்பிரிங் ஊசிகளால் தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் ரிவிட் அடிக்கிறார்கள்.

ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பிசிறு இருக்கும். அதை வழித்தெடுக்க வேண்டும். அலுமினியத் துண்டு ஒன்றை இப்படியும் அப்படியுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகிறது? திடீரென்று ஒடிகிறது. பறக்கும் இறக்கையும் ஓயாமல் வளைந்து நிமிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. விட்டுப்போன ஒரு பிசிறு, கவனிக்காத ஒரு கீறல், அங்கேதான் விரிசல் பிறக்கும். இந்த ஸ்லிங் விமானம் முழுச் சுமையோடு 950 கிலோ. அறுபது டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் ஒரு திருப்பம் திரும்பினால், இறக்கை தாங்க வேண்டிய பாரம் இரண்டு மடங்காகி 1,900 கிலோ ஆகிவிடும்!

இறக்கை முறுக்கிக்கொண்டாலும் ஆபத்து. விமானம் ஒரு பக்கமாகவே சாயும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்கப் பல பேர் உபயோகிப்பது என்ன தெரியுமா? நம் கொத்தனாரின் தூக்குக்குண்டு! பெட்ரோல் தொட்டியும் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. பிசின் போன்ற பசையால் இடுக்குகளை அடைத்துவிட்டு, காற்றை நிரப்பி, குழந்தைகள் ஊதும் பலூன் ஒன்றை வாயில் மாட்டிவைப்பார்கள். மறுநாள் பலூன் சுருங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் மேஸ்திரி கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசித் தகட்டை வச்சு மூடிட்டா உள்ளே கை போகாதே சார். மூடுறதுக்கு முன்னாடி யாரு வந்து பாக்குறது?"

நான் அசந்து போனேன். சரியான இடத்திலே கை வைத்துவிட்டார்! இங்கிலாந்தில் 'லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்ற சங்கம் இருக்கிறது. அதன் இன்ஸ்பெக்டர் வேலை நடக்க நடக்க வந்து பார்க்க வேண்டும். இறக்கையை மூடுவதற்கு முன் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"அவரு ஒரு நாள் வந்து பாப்பாரு. மிச்ச நாளு?"

"மிச்ச நாளெல்லாம் கட்டுகிறவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன். "டிரங்குப் பெட்டியில் ரிவிட் போனால் வேட்டி கீழே விழும். இறக்கையில் போனால், விழுவது அவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் அல்லவா?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பையன்தான் மெல்லக் கேட்டான்: "நம்ம பக்கம் யாரும் செஞ்சதில்லையா சார்?"

ஏன் இல்லை? 1910-லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் என்பவர் விமானம் ஒன்றுக்குத் தாமே திட்டம் போட்டார். அதைக் கட்டிக் கொடுத்தது குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்ஸன் கம்பெனி. பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாத காலம்! கோச்சு வண்டிக்கு மரம் இழைத்த பட்டறையிலிருந்துதான் நம் ஊர் விமானம் புறப்பட்டது. பையனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தன் சுத்தியலை ஒரு முறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

பெட்டி தயாராயிற்று. கூலியைக் கொடுத்துவிட்டுத் தூக்கப் போனேன். மேஸ்திரி என் கையைத் தடுத்தார். மூடியைத் திறந்து, பெட்டியை வெளிச்சத்துப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

"உள்பக்கம் தடவிப் பாத்துட்டுக் கொண்டு போங்க சார்."

தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை.