'செயலற்றது' என்னும் பிழைப்பெயர்: சப்வூஃபர் பெட்டியும் மிருதங்கத்தின் ரவையும்

கொல்கத்தாவின் லால்பஜாரிலிருந்து வடக்கே செல்லும் ரவீந்திர சரணியில் தபலாவும் பிற இசைக்கருவிகளும் விற்கும் கடைகள் உண்டு. அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் சாந்தினி சௌக் சந்தை இருக்கிறது. கார்களுக்கான ஒலிபெருக்கிகளும் ஆம்ப்ளிஃபையர்களும் அங்கே கிடைக்கும். லால்பஜாரிலிருந்து கிழக்கே செல்வது பழைய பவ்பஜார் தெரு. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அத்தெருவின் 210-ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சி. வி. ராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் அங்கேதான் இசைக்கருவிகளை ஆராய்ந்தார்.

இம்மூன்று இடங்களையும் ஒரு கேள்வி இணைக்கிறது: அதிரும் பரப்பின்மேல் நிறையை ஏற்றினால் ஒலி என்னவாகும்? தோல்கருவி செய்பவர், ஒலிப்பெட்டி அமைப்பவர், இயற்பியலாளர் ஆகிய மூவரும் இதற்கு விடை கண்டவர்கள். ஆனால் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இம்மூவரும் சந்திப்பதே இல்லை. இந்தப் பிரிவைக் கலைச்சொல்லாக்கம் மேலும் ஆழப்படுத்துகிறது. 'பாசிவ் ரேடியேட்டர்' என்னும் சொல் இதற்கு நல்ல சான்று.

முதலில் பொருளைப் பார்க்கலாம். சிறிய காரின் டிக்கியில் சப்வூஃபர் வைக்க விரும்புபவர் முதலில் எதிர்கொள்வது இடப் பற்றாக்குறை. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் வரை ஒலிக்க வேண்டும். குறைந்த மின்திறனிலேயே உரக்க ஒலிக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஒலிப்பொறியியலில் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' எனப்படுகிறது. எந்த வடிவமைப்பும் இவ்விதியை மீறுவதில்லை. அதற்கு உட்பட்டுக் கொஞ்சம் இடத்தை மிச்சப்படுத்தவே முயல்கிறது.

பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்துவது பழைய வழி. பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும், குழாயினுள் உள்ள காற்று நிறையாகவும் இயங்கி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். பெரிய பெட்டியில் இது எளிது. சிறிய பெட்டியில் கணக்கு உதைக்கிறது. 20 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க 10 செ.மீ. விட்டமுள்ள குழாயைப் பயன்படுத்தினால், அதன் நீளம் ஏறத்தாழ 120 செ.மீ. இருக்க வேண்டும். அந்தக் குழாய் மட்டும் 9 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். விட்டத்தைக் குறைத்தால் நீளமும் குறையும். ஆனால் குறுகிய குழாயில் வேகமாகப் பாயும் காற்று சீறத் தொடங்கும்.

குழாய்க்காற்றின் இடத்தில் ஒரு கூம்பை வைப்பதே மாற்று வழி. இக்கூம்புக்குக் காந்தமும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து எந்தக் கம்பியும் இதற்கு வருவதில்லை. ஒலிபெருக்கியின் அசைவால் பெட்டிக்காற்று அழுந்தியும் தளர்ந்தும் இதை இயக்குகிறது. 330 சதுர செ.மீ. பரப்புள்ள கூம்பை அதே 20 லிட்டர் பெட்டியில் பொருத்தி 30 ஹெர்ட்ஸில் ஒத்ததிரச் செய்ய, விளிம்பின் விறைப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சுமார் 215 கிராம் நிறை போதும். 25 ஹெர்ட்ஸுக்கு இறக்க 310 கிராம் வேண்டும். அதிர்வெண்ணைப் பாதியாக்க நிறையை நான்கு மடங்காக்க வேண்டும். ஒன்றேகால் மீட்டர் குழாய் செய்யும் வேலையைக் கூம்பின் நடுவில் திருகப்பட்ட சில இரும்பு வாஷர்கள் செய்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சன் 1935-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நெவில் தீல் 1961-இல் குழாய்ப் பெட்டிகளுக்கு வகுத்த கணக்குமுறையைத் தொடர்ந்து, ரிச்சர்ட் ஸ்மால் 1974-இல் இவ்வகைப் பெட்டிக்கான முழுமையான பகுப்பாய்வை வெளியிட்டார். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்கள் அக்கணக்குகளின் மேல்தான் நிற்கின்றன.

இனிப் பெயருக்கு வரலாம். இயற்பியல், மின்னியல் நூல்களில் 'பாசிவ்' என்பதைச் 'செயலற்ற' என்றோ 'முனைப்பற்ற' என்றோ தமிழாக்குவது வழக்கம். அதன்படி இக்கருவி 'செயலற்ற ஒலிபரப்பி' ஆகிவிடுகிறது. ஆனால் சுருதி சேர்த்த அதிர்வெண்ணில் நடப்பது நேர்மாறானது. அங்கே மின்சாரம் பெறும் ஒலிபெருக்கிதான் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. பெட்டியிலிருந்து வரும் ஒலியின் பெரும்பகுதியைக் கம்பி இணைப்பற்ற கூம்பே எழுப்புகிறது. மிகுதியாக உழைப்பதைச் செயலற்றது என்று அழைப்பது பொருட்பிழை. 'ரேடியேட்டர்' என்பதை அப்படியே ஒலிபெயர்த்தாலும் சிக்கல்தான்; காரைப் பற்றிய பேச்சில் அச்சொல் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த்தொட்டியையே நினைவூட்டும்.

பிழையான பெயர் பிழையான வடிவமைப்புக்கு வழி செய்கிறது. செயலற்ற பொருள்தானே என்று ஒலிபெருக்கியின் அளவிலேயே ஒரு கூம்பை வாங்கினால், அது தன் அசைவெல்லையை முட்டி இரையும். அது தள்ளக்கூடிய காற்றின் கனஅளவு ஒலிபெருக்கி தள்ளுவதைப்போல் குறைந்தது இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பட்டறிவு விதி. ஒரே பக்கத்தில் கனமான கூம்பு அதிர்ந்தால் பெட்டியே உதறும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டைப் பொருத்தினால் உதறல் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சுருதிக்குக் கீழே கூம்பும் ஒலிபெருக்கியும் எதிர்க்கட்டத்தில் இயங்கி ஒன்றன் ஒலியை மற்றொன்று அழிக்கும். ஒலிபெருக்கியும் கட்டுப்பாடின்றி ஆடும். ஆகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டுவது கட்டாயம். இயங்கும் உறுப்பாக எண்ணினால் மட்டுமே இவை மனத்தில் தோன்றும்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. 'பாசிவ்' என்பதன் இலத்தீன் வேருக்குப் 'பிறிதொன்றின் வினைக்கு உட்படுதல்' என்று பொருள். வினையின்மை அதன் முதற்பொருள் அன்று. வினையியலில் அதையே 'செயப்பாட்டுவினை' என்கிறது தமிழ். 'பாடல் பாடப்பட்டது' என்னும் தொடரில் பாடல் செயலற்றுக் கிடக்கவில்லை, செயலுக்கு உட்படுகிறது. மொழியியல் தெளிவாகக் கண்ட இவ்வேறுபாட்டை அறிவியல் கலைச்சொல் தவறவிட்டது ஏன்? காற்றால் இயக்கப்படும் கூம்பைக் 'காற்றியக்கக் கூம்பு' என்று சொன்னால் போதும். பொருளும் புரியும், இயங்கும் முறையும் பெயரிலேயே விளங்கும்.

பெயரின் பின்னால் மறைந்திருக்கும் அறிவு மேலும் பழையது. மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியில், கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவது வழக்கம். ரவை கூடினால் சுருதி இறங்கும். சிறிது சுரண்டி எடுத்தால் ஏறும். வாஷர் சேர்ப்பதும் கழற்றுவதும் இதே வேலைதான். வலந்தலையின் கருநிறக் கரணை இன்னும் நுட்பமானது. சீரான வட்டத்தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணுக்கு 1.59, 2.14, 2.30 எனப் பொருந்தாத விகிதங்களில் அமையும். கரணையின் நிறை அவற்றை முழுவெண் விகிதங்களுக்கு இழுத்துவருகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தனர். ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாகக் குழுவாகின்றன என்பதை 1934-இல் ராமன் விரிவாக எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'சப்வூஃபரை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர்' என்று பெருமை பேச இதில் இடமில்லை. மிருதங்கத்தோல் தனக்கெனக் குரல் உடையது. காற்றியக்கக் கூம்புக்குத் தனிக்குரல் இருக்கவே கூடாது. தபலாவின் பாயாவில் கருநிறப் பூச்சு மையத்திலிருந்து விலகியிருப்பது அதன் சிறப்பு. கூம்பில் நிறை மையம் விலகினால் அது கோணலாக ஆடி ஒலியைக் கெடுக்கும். தோல்கருவி செய்பவர் செவியால் அறிந்ததை ஸ்மால் சமன்பாட்டால் அறிந்தார். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றை மற்றொன்றின் வழியே கற்பிக்க முடியும்.

'பொறியாளர் ஆங்கிலத்தில் படிக்கிறார், மென்பொருள் விடை தருகிறது, தமிழ்ப்பெயர் எதற்கு?' என்று கேட்கலாம். மென்பொருள் கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். 20 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அதற்குரிய நிறையைச் சொல்லும். காருக்குள் அது தேவைதானா என்று தானாகக் கேட்காது. மூடிய காரின் உட்புறம் சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அழுத்தத்தைத் தானே உயர்த்தித் தருவதால், பல கார்களில் குழாயோ கூம்போ இல்லாத அடைத்த பெட்டியே போதுமானது. எப்போது கூம்பு வேண்டாம் என்று அறிவதும் வடிவமைப்பறிவே. அத்தகைய கேள்விகள், பொருளைத் தன் மொழியில் மனத்தில் உருவகிக்கத் தெரிந்தவருக்கே எழும்.

செய்யக்கூடியது எளிது. முதுநிலை இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பெட்டி, ஓர் ஒலிபெருக்கி, ஒரு காற்றியக்கக் கூம்பு, சில வாஷர்கள், ஒரு மின்தடை, ஒரு மல்டிமீட்டர், அலைகளை எழுப்பக் கைப்பேசியுடன் இணைத்த சிறு ஆம்ப்ளிஃபையர் ஆகியவை போதும். மின்மறுப்பு வரைபடத்தின் இரு முகடுகளுக்கு இடையிலான பள்ளம், வாஷர் கூடக்கூட இடப்புறம் நகர்வதை மாணவர் கண்ணால் காணலாம். அதே நாளில் மிருதங்கம் செய்பவர் ஒருவரை ஆய்வகத்துக்கு அழைத்து, ரவை கூடக்கூடச் சுருதி இறங்குவதை அளக்கலாம். அவரைக் காட்சிப்பொருளாக அழைக்கக் கூடாது. மதிப்பூதியம் பெறும் பயிற்றுநராக அழைக்க வேண்டும். மிருதங்கம் செய்யும் குடும்பங்களின், பெரும்பாலும் தலித் கிறித்தவர்களின், அறிவையும் பெயர்களையும் டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' 2020-இல் விரிவாகப் பதிவுசெய்தது. வாசிப்பவர் பெயர் மட்டும் நிலைத்து, கருவிக்கு நாதம் தந்தவர் பெயர் மறைந்துபோன வரலாறு அது. ஆய்வகக் குறிப்பேட்டிலாவது அப்பெயர் இடம்பெறட்டும்.

பவ்பஜார் தெருவில் ராமன் தோல்கருவியைத் தரம் குறைந்த ஆய்வுப்பொருளாகக் கருதவில்லை. இன்றைய ஆய்வகங்கள் காரின் ஒலிப்பெட்டியையும் அவ்வாறு கருதத் தேவையில்லை. கலைச்சொல் குழுக்களில் பணியாற்றும் தமிழ்த்துறையினரும் இயற்பியல் துறையினரும் 'செயலற்ற' என்னும் சொல்லை ஒருமுறை மறுபரிசீலனை செய்வார்களாயின், அதுவே நல்ல தொடக்கம்.