"வீட்டிலேயே செய்யலாமே!" - யார் செய்வது?

உணவகத்தில் சாப்பிட்ட ஒன்று நாவிலே நின்றுவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும். "அந்த ருசி வீட்டில் வராது" என்பது ஒன்று. "இதற்கா இவ்வளவு காசு? வீட்டிலேயே செய்யலாமே!" என்பது மற்றையது. முதலாவதைப் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டாவதைப் பெற்றோர் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. அந்த ருசி வீட்டிலும் வரும். ஆனால் "செய்யலாமே" என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த உணவு, மெனுவில் "சிக்கன் அல்பிரடோ" என்று எழுதப்பட்டிருக்கும் கிரீம் பாஸ்தா. கொழும்புக்குப் போகும் நாட்களில் வாப்பா எங்களை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்று அதை வாங்கித் தருவார். 2022க்குப் பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. முன்பு வாப்பா மெனுவில் இடப்பக்கத்து உணவுப் பெயர்களை வாசிப்பார். இப்போது வலப்பக்கத்து விலைகளை வாசிக்கிறார். இந்த மாற்றம் எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. இதை வாசிக்கும் பலருக்கும் தெரிந்ததுதான்.

பாஸ்தா நமக்கு அந்நியமான, பணக்கார உணவு என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1154ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி, சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக எழுதி முடித்த நூலில், அத்தீவின் திராபியா என்ற ஊரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அங்கே "இத்ரிய்யா" எனப்படும் மாவு இழைகள் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல்களில் அனுப்பப்பட்டன என்கிறார். உலர்ந்த பாஸ்தாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. தென் இத்தாலியில் கடலையோடு சமைக்கும் ஒரு பாஸ்தாவை இன்றும் "திரியா" என்கிறார்கள். அந்தப் பெயர் அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அல்பிரடோவின் கதை இன்னும் சுவையானது. ரோம் நகரத்து அல்பிரடோ டி லேலியோ என்பவர், 1908இல் பிள்ளை பெற்றுப் பலவீனமாக இருந்த தன் மனைவிக்குப் பசி எடுப்பதற்காக, வெண்ணெயும் பார்மேசன் சீஸும் மட்டும் கலந்து இந்தப் பாஸ்தாவைச் செய்து கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. பின்னர் அது அவருடைய உணவகத்துக்கு வந்தது. 1920இல் தேனிலவுக்கு ரோம் சென்ற ஹொலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்போர்டும் டக்ளஸ் பெயார்பாங்ஸும் அதை உண்டு மகிழ்ந்த பிறகு அதன் புகழ் அமெரிக்காவுக்குப் பரவியது. அங்கேதான் அதனோடு கிரீம் சேர்ந்தது, கோழி இறைச்சியும் சேர்ந்தது. ஆகவே நாம் "உணவகச் சாப்பாடு" என்று வியக்கும் இந்த உணவு, ஒரு கணவர் தன் மனைவிக்காகச் சமைத்த பத்தியச் சாப்பாடாகத் தொடங்கியது. அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, ருசி எப்படி வரும்? உணவகச் சமையற்காரரிடம் மந்திரம் ஏதும் இல்லை. நாம் விஞ்ஞான பாடத்தில் படிப்பதைத்தான் அவர் நாள்தோறும் செய்கிறார்.

முதலாவது, பாஸ்தா அவிக்கும் தண்ணீர். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. பாஸ்தாவுக்கு உள்ளே உப்புச் சேர வேறு சந்தர்ப்பம் கிடையாது. பிறகு மேலே தூவும் உப்பு மேலேயே நிற்கும். அவிந்ததும் அந்தத் தண்ணீரை முழுவதும் ஊற்றிவிடாமல் ஒரு கோப்பை எடுத்து வைக்க வேண்டும். அதில் மாப்பொருள் கரைந்திருக்கிறது. வெண்ணெயின் கொழுப்பும் தண்ணீரும் தனித்தனியே பிரியாமல் பிடித்து வைப்பது அந்த மாப்பொருள்தான். உணவகத்துப் பாஸ்தாவில் தெரியும் பளபளப்புக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது, கோழி இறைச்சி. ஈரமான இறைச்சியைச் சூடேறாத தாச்சியில் போட்டால் அது அவியும், வறுபடாது. இறைச்சியைத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, நன்றாகச் சூடான தாச்சியில் இடம்விட்டுப் பரப்பி, பொன்னிறமாகும் வரை கிளறாமல் விட வேண்டும். அடியில் ஒட்டும் பழுப்பு நிறத்தில்தான் ருசி இருக்கிறது. இறைச்சியை எடுத்துவிட்டு, அதே தாச்சியில் வெண்ணெயும் நசுக்கிய வெள்ளைப்பூடும் போட்டு, கிரீம் ஊற்றினால் அந்த ருசி முழுவதும் சோஸில் இறங்கிவிடும்.

மூன்றாவது, சீஸ். கொதிக்கும் கிரீமில் சீஸைக் கொட்டினால் அதிலுள்ள புரதம் இறுகிக் கட்டியாகும். அடுப்பை அணைத்த பிறகு, துருவிய சீஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எடுத்து வைத்த தண்ணீரை விட்டுக் கலக்க வேண்டும். ஐந்து பேருக்கு 500 கிராம் பாஸ்தா, 400 கிராம் இறைச்சி, 60 கிராம் வெண்ணெய், 200 மில்லிலீட்டர் கிரீம், 100 கிராம் சீஸ் போதும். உணவகத்தில் தட்டு உடனே மேசைக்கு வரும். வீட்டில் ஒருவர் தொழுதுவிட்டு வர வேண்டும், இன்னொருவர் தொலைபேசியை வைக்க வேண்டும். அதற்குள் பாஸ்தா சோஸை உறிஞ்சி இறுகிவிடும். ஆகையால் வீட்டில் சோஸைச் சற்று இளக்கமாகவே விட வேண்டும்.

எங்கள் வீட்டில் இதில் மேலும் இரண்டு சேர்கின்றன: இடித்த செத்தல் மிளகாய் கொஞ்சம், பரிமாறும்போது சில துளி தேசிக்காய்ச் சாறு. ரோமில் உள்ளவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அமெரிக்கர் கிரீம் சேர்க்கலாம் என்றால் நாம் மிளகாய் சேர்க்கக் கூடாதா?

வீட்டுச் சமையலில் காசைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. என்ன சாப்பிடுகிறோம் என்பது நமக்குத் தெரிகிறது. பார்மேசன் வகைச் சீஸ் பலவற்றில் பாலை உறையவைக்கும் நொதி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலியின் அசல் பார்மிஜானோ அப்படித்தான் செய்யப்படுகிறது. நுண்ணுயிர் நொதியால் செய்யப்படும் சீஸும் கடைகளில் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் சிலவற்றில் சோஸில் வைன் சேர்க்கச் சொல்லியிருக்கும். "சிக்கன் ஹலால்தானே" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சோஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு முறை வீட்டில் செய்து பார்த்தவருக்கு எதைக் கேட்க வேண்டும், லேபிளில் எதை வாசிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "வீட்டிலேயே செய்யலாமே" என்று வாப்பாமார் சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் செய்பவர் யார் என்று சொல்லப்படுவதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும், அது உம்மாதான். சுபஹுக்கு எழும்பி, பாடசாலைச் சாப்பாடு கட்டி, பகலுக்குச் சோறும் கறியும் ஆக்கி, இரவுக்கு இடியப்பம் பிழிந்த ஒருவரின் தலையில் இன்னொரு புதிய வேலையை ஏற்றிவிட்டு, காசு மிச்சம் என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். உணவகத்தில் கொடுத்த பணம் பாஸ்தாவுக்கு மட்டும் அல்ல. உம்மா ஒரு வேளை உட்கார்ந்து, சூடாக, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். வீட்டில் செய்யும்போது உணவின் ருசியைக் கொண்டுவந்துவிட்டு அந்த ஓய்வை விட்டுவிட்டால், நாம் பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறோம்.

உம்மா செய்யாவிட்டால் அடுத்ததாகப் பார்வை திரும்புவது எங்கள் பக்கம்தான். "பொம்புளப் புள்ள, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ, பழகத்தானே வேணும்" என்று வீட்டுக்கு வரும் மாமிமார் சொல்வார்கள். பழகுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காரணம் பிழை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் நானாவும் இன்னொரு வீட்டில்தான் தங்கியிருக்கிறார். அவருக்கும் தினமும் பசிக்கிறது. மூன்று வேளையும் பாணையும் கொத்து ரொட்டியையும் நம்பியிருக்கும் ஆண் பிள்ளைக்குச் சமையல் தெரிய வேண்டிய தேவை என்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

இது நம் மார்க்கத்துக்குப் புறம்பான பேச்சு என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. அதை மேடைகளில் கேட்கிறோம். சமையலறையில் காண்பது குறைவு.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. நானா விடுமுறையில் வரும் மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாஸ்தா. இறைச்சி நானாவின் பொறுப்பு. சீஸ் துருவுவது தம்பி. பாஸ்தாவும் சோஸும் நான். பாத்திரம் கழுவுவது வாப்பா. உம்மாவுக்கு ஒரே ஒரு வேலை: கூப்பிட்டதும் வந்து உட்கார்வது. தாச்சி இருக்கும் இடத்தைக் கேட்டு நானா மூன்று முறை அவரை அழைப்பார் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் தட்டு அவருக்குத்தான் போகிறது. நாங்கள் உணவகத்தில் இரண்டு பேருக்குச் செலவழித்த பணத்தில் ஐந்து பேரும் வயிறாறச் சாப்பிடுகிறோம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: உணவகத்துக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வசதி இருக்கும்போது கூட்டிச் செல்லுங்கள், உம்மாமாருக்கு அந்த ஓய்வு தேவை. ஆனால் "வீட்டிலேயே செய்யலாமே" என்று சொன்னால், ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீங்களும் அடுப்படிக்கு வாருங்கள். என் சக மாணவிகளுக்கு: "அந்த ருசி வராது" என்று சொல்வதற்கு முன், அடுத்த முறை அந்தத் தட்டு வரும்போது அதில் என்ன இருக்கிறது, எந்தப் பதத்தில் இருக்கிறது என்று கவனித்துச் சாப்பிடுங்கள். பிறகு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். உப்பை மட்டும் மறக்க வேண்டாம்.