மூடி திறந்த நாள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வழக்கு. வழக்குக்குக் காரணம் பாதி காலியான ஒரு சோயா சாஸ் பாட்டில்.

அலமாரியைச் சுத்தம் செய்த மருமகள் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். "தேதி முடிஞ்சு பத்து நாள் ஆச்சுங்க அத்தை" என்றாள். என் மனைவி அதை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். "உப்புத் தண்ணிக்கு ஏது தேதி? நம்ம புளி வருஷக்கணக்குல இருக்கலையா?" என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது இந்த மொரப்பூர். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புளியைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால், கறுக்கக் கறுக்கத்தான் அதற்கு மதிப்பு.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்து சொச்சம் வருஷம் அரசு அலுவலகத்தில் கடிதங்களுக்குத் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதி விவகாரம் என்றால் என்னிடம்தான் வரும்.

பாட்டிலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே மெல்லிய வெள்ளை ஆடை. முகர்ந்தால் பழைய காடி வாசனை. எப்போது திறந்தது என்று கேட்டேன். பேரன் பிறந்தநாளுக்கு நூடுல்ஸ் செய்தபோதாம். எட்டு மாதம் ஆகிறது. அத்தனை நாளும் அது இருந்த இடம் அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு. என் தீர்ப்பு: இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அந்தப் பாட்டில் பத்து நாளைக்கு முன்னால் கெடவில்லை. தேதி முடிவதற்கு வெகு முன்பே கெட்டுவிட்டது.

மனைவி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும் பழைய முறையில் செய்யும் சாஸ் லேசில் கெடாது. வேகவைத்த சோயா பீன்ஸையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, அதில் கோஜி என்ற பூஞ்சையை வளரவிட்டு, உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவுக்கு உப்பு இருக்கும். புளிப்பும் உண்டு. இந்த இரண்டையும் தாண்டி நோய்க்கிருமி வளர்வது கடினம். மூடி திறக்காமல் நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று வருஷம் தாங்கும்.

ஆனால் நாம் மளிகைக் கடையில் மலிவாக வாங்கும் சாஸ் பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர், உப்பு, சர்க்கரை, 150 என்று தொடங்கும் கேரமல் நிறமி, 260 என்ற அசிட்டிக் அமிலம், 211 என்ற சோடியம் பென்சோயேட் என்று பட்டியல் போகும். உப்பு ஒன்றே காப்பாற்றும் என்றால் 211-க்கு அங்கே வேலை இல்லை.

எந்த ரகமானாலும், திறந்தவுடன் காற்று உள்ளே போகிறது. மணம் குறைகிறது, நிறம் கறுக்கிறது, சூடு பட்டால் இது வேகமாக நடக்கிறது. உப்பையும் தாங்கக்கூடிய ஒரு வகை ஈஸ்ட் உண்டு. அதுதான் மேலே வெள்ளை ஆடையாகப் படிவது. ஆளைக் கொல்லும் விஷமில்லை, ஆனால் சாப்பிடத் தகுந்ததும் இல்லை. ஜப்பானில் கிக்கோமன் நிறுவனம், ஊற்றிய பிறகு காற்று உள்ளே திரும்பாதபடி இரட்டைச் சுவர் பாட்டிலே செய்து, திறந்து 90 நாள் வரை புதிதாக இருக்கும் என்று விற்கிறது. நம் சித்திரை வெயிலில் சாதாரண பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ்தான் வழி. வெளியே வைத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜில் ஆறு மாதம் வரை வைக்கலாம்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் தெருவில் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி வியட்நாம்காரர். அவர் சையோ பொரிக்கும் நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். சோயா சாஸ் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது அவர் சமையலறையில். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். பாட்டிலை இறுக மூடி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ந்த மூலையில் வைத்திருப்பார். வேண்டியதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வார். மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றமாட்டார். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போடாதே என்று நம் வீட்டில் சொல்வதும் இதே பாடம்தான்.

சில வருஷங்களுக்கு முன் பாரிசிலிருந்து வந்த உறவினர் ஒரு சாஸ் பாட்டில் கொண்டுவந்தார். சீனக் கடையில் வாங்கியது. முழுக்கச் சீன எழுத்து. ஆனால் பின்னால் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது: திறந்த பிறகு குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று, பிரெஞ்சில். அங்கே 1994-இல் வந்த தூபோன் சட்டப்படி, விற்கும் பொருளின் விவரம் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். எங்கிருந்து வந்த பாட்டிலாக இருந்தாலும் சரி.

இப்போது மொரப்பூர் ரயிலடிப் பக்கம் வாருங்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் ஃபிரைடு ரைஸ் போடும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். நல்ல உழைப்பாளி. அவருடைய சாஸ் பாட்டில் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. மூடியே திறப்பதில்லை, ஓட்டை வழியாகத் தெளிப்பார். பகல் முழுதும் வண்டியிலேயே வெயிலில் நிற்கும். தீரும்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதைப் புது பாட்டிலில் சேர்த்துவிடுவார். தண்ணீர் சேர்ந்தால் உப்பும் நீர்க்கிறது, பென்சோயேட்டும் நீர்க்கிறது; கூடவே பழைய பாட்டிலின் ஈஸ்ட் புதியதற்குக் குடியேறுகிறது.

"ஃபிரிட்ஜில் வைக்கணும்னு இதிலேயே போட்டிருக்கு தம்பி" என்றேன். பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க சார்? எல்லாம் இங்கிலீஷா இருக்கு, எறும்பு மாதிரி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிரெஞ்சு மட்டும் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆங்கிலக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

நம் நாட்டுச் சட்டப்படி உணவு லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயமில்லை. கட்டாயமில்லாததை யார் செய்வார்கள்? லேபிளில் இடமில்லை என்பார்கள். அதே சாஸுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறதே! விற்கத் தெரிந்த தமிழ், வைத்துக்கொள்ளச் சொல்லித்தர மட்டும் தெரியாதா?

நான் லேபிள் முழுவதையும் கேட்கவில்லை. ஒரு வரி போதும்: "திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்கவும், தண்ணீர் கலக்க வேண்டாம்." கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழ்நாட்டில் விற்கும் பாட்டிலில் தமிழில். அதற்குக் கீழே "திறந்த நாள்" என்று ஒரு வெற்றுக் கட்டம். அச்சிட்ட தேதி மூடிய பாட்டிலுக்கு. மூடியைத் திருகிய நாளிலிருந்து வேறு கணக்கு. அந்தக் கணக்கை எழுத இன்று எந்தப் பாட்டிலிலும் இடம் இல்லை.

அதுவரை எங்கள் வீட்டில் பழைய குமாஸ்தா முறைதான். புது பாட்டில் வந்தால் ஒரு துண்டுத் தாளில் திறந்த தேதியை எழுதி ஒட்டி ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறோம். சின்ன பாட்டிலாகவே வாங்குகிறோம். தள்ளுவண்டித் தம்பிக்கும் ஒரு தாளில் பெரிதாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். ஓட்டை போட்ட மூடி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி நாளைக்குப் பேச வேண்டும்.