உரசிப் பார்ப்போமா?



"நெட்டுல அப்படி என்னத்தடா தேடுற?" வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி இது. ஹாஸ்டலில் அறைத்தோழன் கேட்பதும் இதே கேள்விதான். உண்மையைச் சொன்னால், நான் எதையும் தேடவில்லை! டிரான்ஸ்பார்மர் பாடத்தில் ஒரு சந்தேகம் என்று செல்போனை எடுத்தேன். அங்கிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குள்ளிருந்து ஒரு விட்டில்பூச்சி, அப்புறம் ஒரு விமானம்... மணியைப் பார்த்தால் இரவு ஒன்றரை! இப்படி அலையாதவர் நம்மில் யார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார்கள் பெரியவர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆச்சரியப்படத் தெரியாதவன் எப்படி என்ஜினீயர் ஆவான்? ஆனால் பொறுக்கி வந்ததை உரசிப் பார்க்காமல் நம்புகிறோமே, அடுத்தவன் தலையிலும் கட்டுகிறோமே... தவறு அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பட்டவன் நான்!

இரண்டாம் ஆண்டு செமினாரில் கைதட்டல் வாங்க ஒரு கதையோடு ஆரம்பித்தேன். உங்களுக்கும் ஃபார்வர்டில் வந்திருக்கும். விண்வெளியில் எழுத ஒரு பேனா செய்ய 'நாசா' கோடிக்கணக்கில் கொட்டியதாம், ரஷ்யாக்காரன் ஒரு பென்சிலை எடுத்துப் போனானாம்! கைதட்டல் கிடைத்தது. பின் வரிசையிலிருந்து சாரின் குரலும் கிடைத்தது.

"பென்சில் முனை எதால செஞ்சது தம்பி?"

"கிராஃபைட் சார்."

"மோட்டார்ல கார்பன் பிரஷ் எதுக்குப் போடுறோம்?"

"கரண்டைக் கடத்தும் சார்..."

"அப்ப அந்த முனை ஒடிஞ்சு, எடையே இல்லாத இடத்துல மிதந்து போயி, ஒரு சுவிட்சுக்குள்ள உக்காந்தா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மேடை இரண்டாகப் பிளக்காதா என்றிருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். பால் ஃபிஷர் என்ற பேனா உற்பத்தியாளர் தன் சொந்தக் காசைப் போட்டுச் செய்தது அந்தப் பேனா. நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் மையைத் தள்ளும். தலைகீழாகப் பிடித்தாலும் எழுதும். சோதித்துப் பார்த்த பிறகு நாசா அதை விலைக்கு வாங்கியது. 1968இல் அப்போலோ 7 விண்கலத்தில் அது பறந்தது. அடுத்த ஆண்டே சோவியத் நாடும் அதே பேனாவை வாங்கியது! அதற்கு முன் நாசாவே பென்சில் வாங்கியிருக்கிறது. 1965இல் ஒரு பென்சில் 128 டாலருக்கு மேல்! அமெரிக்க மக்கள் கோபப்பட்டது அந்தப் பென்சில் விலையைப் பார்த்துத்தான். பொய்க் கதையைவிட உண்மைக் கதை எவ்வளவு சுவை, பார்த்தீர்களா?

அதன் பிறகு எதைப் படித்தாலும் உரசிப் பார்க்கும் புத்தி வந்தது. அந்த விட்டில்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் தவறு இருந்தால் 'பக்' என்கிறோம். 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் 'மார்க் 2' கம்ப்யூட்டரில் ஒரு ரிலேக்குள் விட்டில்பூச்சி சிக்கியது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். இது நிஜம். அந்தப் பக்கம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் 'பக்' என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்பது நிஜமில்லை. 1878இலேயே எடிசன் தன் கருவிகளின் கோளாறைக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து!

"ஒரு பேனா கதை தப்பானால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். கதையோடு போனால் பரவாயில்லை. பழக்கம் கைக்கு வந்துவிட்டால்?

1983 ஜூலை 23. கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம், 69 உயிர்களோடு 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. நடுவானில் எரிபொருள் தீர்ந்தது! இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன. காரணம்? எரிபொருள் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கு உரிய எண்! 22,300 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 22,300 பவுண்டுதான் இருந்தது. அதாவது பாதிக்கும் குறைவு. விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் என்ஜின் இல்லாமலே இறக்கினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகாவது பாடம் படித்தார்களா? 1999 செப்டம்பரில் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தே போனது. ஒரு குழு பவுண்டில் கொடுத்த கணக்கை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம்!

"விடை சரிதானே சார், யூனிட் போடாததுக்கா ஒரு மார்க்கு?" என்று சண்டை போட்டவன் நான். கிம்லியைப் படித்த அன்று வாய் மூடிக்கொண்டது. 1.77 என்பது தப்பான எண் அல்ல நண்பர்களே. யாரும் உரசிப் பார்க்காத எண்!

நாளை நாம் ஒரு பேனல் போர்டு முன் நிற்போம். "லைன் ஆஃப் பண்ணியாச்சா தம்பி?" என்று ஒரு ஹெல்ப்பர் அண்ணன் கேட்பார். "ஆச்சுண்ணே, யாரோ சொன்னாங்க" என்போமா? டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வோமா? அவர் கை வைக்கப்போவது நம் வார்த்தையை நம்பி!

அதனால் நெட்டில் தாராளமாக அலையுங்கள். வாயைப் பிளந்து ஆச்சரியப்படுங்கள். ஃபார்வர்டு பொத்தானைத் தொடும்முன் மட்டும் மூன்றே கேள்வி: யார் சொன்னது? எந்த வருஷம்? நாம் படித்த பாடம் இதற்கு ஒத்துவருகிறதா? அந்தப் பேனா கதையை உடைக்க எனக்குக் கூகுள்கூடத் தேவைப்படவில்லை. படித்த கார்பன் பிரஷ் பாடமே போதுமாக இருந்தது; நினைத்துப் பார்க்கத்தான் நேரமில்லை!

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையில் நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உரசிப் பாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு, டிரிபிள் ஈ