உருவி விட ஆளில்லாத தோள்கள்

மசாஜ் என்று சொன்னால் நம் லயங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். கொழும்பில் ஒரு ஸ்பாவைப் பொலிஸார் சுற்றிவளைத்த செய்திதான் உடனே ஞாபகத்துக்கு வருகிறது. இல்லாவிட்டால், முன்பு துரை பங்களாவாக இருந்து இன்று ஹோட்டலாகிவிட்ட இடத்தில் உல்லாசப் பயணிகள் துண்டு விரித்துப் படுத்திருக்கும் படம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உருவி விடுவது, புடிச்சு விடுவது, சுளுக்கு எடுப்பது என்றால் யாரும் சிரிப்பதில்லை. இரண்டும் ஒரே வேலைதான், தோழர்களே.

கடந்த விடுமுறையில் வல்வெட்டித்துறையில் நான்கு நாள் தங்கியிருந்தேன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த தோழியின் வீடு அது. அவளுடைய அப்பா பல வருடம் கடற்தொழில் செய்தவர். வலை இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிவிட்டது. பொழுதுபட்டதும் விறாந்தையில் வந்து உட்காருவார். அம்மா நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்து கழுத்திலிருந்து முழங்கை வரை தேய்த்து விடுவார். அவர்கள் இருவருக்கும் அது சோறு சாப்பிடுவது மாதிரி அன்றாட வேலை. மூன்றாம் நாள் ஐயா என்னைக் கேட்டார்: “உங்கட சனம் மலையில கொழுந்து சுமக்குதுகள். அவையளுக்கு ஆர் பிள்ளை உருவி விடுறது?”

எனக்குப் பதில் வரவில்லை. அப்பாவின் காலை அம்மா அமுக்கி விட்டதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். அம்மாவின் தோளை யாரும் பிடித்து விட்டதாக ஞாபகமில்லை. தம்பி பிறந்தபோது மருத்துவச்சிக் கிழவி வந்து இடுப்பை உருவி விட்டாள். அதோடு சரி.

நம் பெண்களின் உடம்பில் நடப்பதைப் பாருங்கள். கயிறு தலையில், கூடையோ பையோ முதுகில். நாளுக்கு 18 கிலோ, சில தோட்டங்களில் 20. அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்குக் காசு, ஆகவே அதற்கு மேலும் சுமக்கிறார்கள். பாரம் பின்னால் இழுக்க, கழுத்து முன்னால் வளைந்து நிற்கிறது. கை இரண்டும் மணிக்கணக்காக முன்னே நீண்டபடி. தசை சுருங்கியபடியே கிடந்தால் அதற்குள் இரத்தம் சரியாக ஓடாது. இறுகும், நோகும், முடிச்சு மாதிரிக் கட்டிக்கொள்ளும். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இதே கதை முழங்கையிலும் மணிக்கட்டிலும்.

இதற்குத் தமிழ் வைத்தியத்தில் தனி முறையே இருக்கிறது. சித்த வைத்தியம் அதைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பெயரைக் கேட்டாலே கை என்ன செய்யும் என்று விளங்குகிறது. நம் கழுத்துக்கும் தோளுக்கும் வீட்டிலேயே செய்யக்கூடியவை பிடித்தலும் மெதுவான அழுத்தலும்தான். முறுக்கலையும் இழுத்தலையும் படித்தவர் கையில் விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த வைத்தியர்களைப் பயிற்றுவிக்கிறது. கைதடியில் அதற்கான போதனா வைத்தியசாலையும் உண்டு. மலையகத்தில் அப்படி எதுவும் நமக்குக் கிட்டத்தில் இல்லை.

வெளிநாட்டு முறைகளும் வேறு உலகமல்ல. சுவீடிஷ் மசாஜ் என்பது நீவுதல், பிசைதல், தட்டுதல். ஜப்பானியரின் ஷியட்சு விரலால் அழுத்துவது. தாய்லாந்து முறையில் கை காலை மடக்கி நீட்டி விடுகிறார்கள். அதை 2019இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமது மருத்துவச்சிக் கிழவியை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

பலன் உண்டா? இறுகிய தசை இளகும், உடம்பு தளரும், நல்ல தூக்கம் வரும். ஆனால் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு, இடுப்பு வலிக்கு மசாஜ் செய்வது பற்றி 2015இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. வலி கொஞ்ச நாளைக்குக் குறைகிறது, நீண்ட காலத்துக்குக் குறையும் என்பதற்கு ஆதாரம் போதாது என்பதே அதன் சாரம். நமக்கும் அது தெரிந்த கதைதான். இரவு உருவி விட்ட தோளில் காலையில் மறுபடி கயிறு விழுகிறது.

வீட்டில் செய்யும்போது முதலில் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம் கொடுங்கள். பிறகு இளஞ்சூட்டு எண்ணெய். நல்லெண்ணெய் விற்கிற விலைக்குத் தேங்காயெண்ணெயும் போதும். முள்ளந்தண்டு எலும்பின் மேல் அழுத்தாமல் இரு பக்கத்துச் சதையில் பெருவிரலால் பத்து நிமிடம். புதிதாக விழுந்து வீங்கிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. எலும்பு உடையவில்லை என்று தெரியும் வரை யாரும் இழுக்கவும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அதைத் தொட வேண்டாம். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால், உருவும்போது அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிர் போகும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே சித்தாலேப வேலை செய்யாது.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. மலையிலிருந்து வந்த பெண் அடுப்படிக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்து, கடைசியில் உங்கள் காலையும் பிடித்து விடுகிறாள். பத்து நிமிடம் அவள் தோளைப் பிடித்து விட்டால் ஆண்மை குறையாது. வல்வெட்டித்துறை ஐயாவிடம் “அம்மாவுக்கு ஆர் உருவி விடுறது?” என்று நானும் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

சங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கும் சேர்த்துத்தான். நாட்சம்பளம் கூட எத்தனை வருடம் பேசினோம்! பாரத்தைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்? என் அம்மா கழுத்து வலி என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனபோதெல்லாம் இரண்டு பெனடோல் கிடைத்தது. இயன் மருத்துவர் என்று ஒருவர் இருப்பதே அவருக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரியும். சர்வதேச தொழில் அமைப்பின் 1958ஆம் ஆண்டுப் பெருந்தோட்டச் சமவாயத்தை இலங்கை ஏற்றிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கான வைத்திய வசதி பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. மாதம் ஒரு தடவையாவது ஓர் இயன் மருத்துவர் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று அதைக் காட்டியே கேட்கலாம். கொழுந்தை அடிக்கடி நிறுத்து இறக்கினால் ஒரே நேரத்தில் முதுகில் இருக்கும் பாரம் குறையும். அதற்கு நிறுவை இடம் மலைக்குக் கிட்ட வர வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிகளும் தங்கள் டிவிசனில் மிகத் தூரத்து மலையிலிருந்து நிறுவை இடத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு நடந்து எண்ண வேண்டாம். கூடையை மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.