ஆமைக்கு டப்பா வீடாகுமா?

பத்து பாகாட்டில் ஆமை வளர்க்க ஆசைப்படும் மாணவர்கள் முதலில் அடிக்கோலை எடுத்துப் பாருங்கள். கடையில் 3 சென்டிமீட்டர் இருக்கும் சிவப்புக் காது ஆமைக்குட்டி 25 சென்டிமீட்டர் வரை வளரும். 20 ஆண்டுக்கு மேலும் வாழும். நீங்கள் எஸ்.பி.எம். எழுதி, பட்டம் வாங்கி, வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். (தண்ணீர் மாற்றுவது அம்மாவாகத்தான் இருப்பார்!)

பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட டப்பா போதாது. 20 சென்டிமீட்டர் ஆமைக்கு ஏறக்குறைய 300 லிட்டர் நீர், வடிகட்டி, ஏறி உடல் காய ஒரு மேடு, மேலே புற ஊதா விளக்கு வேண்டும். ஜன்னல் வெயில் உதவாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச்சத்து சேராமல் ஓடு மென்மையாகிவிடும்.

அலுத்ததும் சிம்பாங் கிரி ஆற்றில் விடுவதைச் சிலர் புண்ணியம் என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உள்ளூர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிடும். விளக்குக்கும் வடிகட்டிக்கும் பணமில்லை என்றால், குட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.